டேப்பட் கவர் மாற்றினேன்: புதுப்பேட்டை கவர், ரெண்டு பேக்கிங், ஒரு டார்க் ரெஞ்ச்

புதுப்பேட்டையில் 900 ரூபாய்க்கு வாங்கிய பழைய டேப்பட் கவருக்கு, அதாவது எஞ்சின் தலையை மேலே மூடும் மூடிக்கு, என் மதிப்பெண் அஞ்சுக்கு அஞ்சு. ஜிபி ரோட்டில் 140 ரூபாய்க்கு வாங்கிய புது பேக்கிங் செட்டுக்கு (ஆயில் கசியாமல் அந்த மூடிக்கு அடியில் வைக்கும் ரப்பர்) அஞ்சுக்கு ஒன்று. அந்த ஒன்றும் டப்பாவின் நாலு கலர் பிரிண்டிங் பிசிறில்லாமல் இருந்ததற்காகத்தான். திருவல்லிக்கேணியில் இருபத்திரண்டு வருஷமாக ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறவன் நான். ரெஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, சரியாக விழுந்திருந்தால் எதிரி அடித்த நோட்டீஸாக இருந்தாலும் பாராட்டிவிடுவேன்.

வண்டி 2007 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். 2005-ல் மாருதி ஸ்விஃப்டை இறக்கியபோது இருந்த 1.3 லிட்டர் எஞ்சின், 1298 சிசி, ஜி13பிபி. எஸ்டீமிலும் ஜிப்ஸி கிங்கிலும் ஓடியது இதே குடும்பம்தான். 2010-ல் 1.2 லிட்டர் கே சீரிஸ் வந்ததும் ஸ்விஃப்டில் இதற்கு விடை கொடுத்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பது கே சீரிஸ் என்றால் நான் வாங்கிய பாகங்கள் எதுவும் உங்களுக்கு ஆகாது. பேக்கிங்கைப் பற்றிச் சொல்வது மட்டும் எல்லா வண்டிக்கும் ஆகும்.

கதை ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. பிரஸ்ஸில் மெஷினையெல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து காருக்கும் வைக்கலாம் என்று பானெட்டைத் தூக்கினால், டேப்பட் கவரின் ஓரம் முழுக்க ஈரம். கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் ஆயில் வழிந்து கருகியிருந்தது. சிக்னலில் நிற்கும்போது ஒரு தீய்ந்த நெடி வருமே, பக்கத்து ஆட்டோவில் இருந்து வருகிறது என்று ஆறு மாசமாக ஆட்டோக்காரர்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். நம்ம வண்டிதான்.

பக்கத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பேர் வேண்டாம். "பேக்கிங் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்லி, 1,800 ரூபாய் பில் போட்டு, சாயங்காலமே கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் ஆயிற்று. மறுபடியும் ஈரம். இப்போது கூடவே ஒரு புது வியாதி: காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை, வண்டி விக்கியது. திரும்ப எடுத்துப் போனால், "பழைய வண்டி சார், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார் அந்தத் தம்பி. எங்கள் பிரஸ்ஸில் 1988 மாடல் ஹெய்டல்பெர்க் ஒன்று ஓடுகிறது. அதில் ஒரு சொட்டு ஆயில் தாளில் விழுந்தால் பார்ட்டி பணம் தர மாட்டான். பழைய மெஷின் என்று நான் யாரிடம் சொல்ல?

அந்த ஞாயிற்றுக்கிழமையே கழற்றினேன்.

நங்கநல்லூரில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வேலை. செக்ரட்டரி மாமாவுக்குத் தரையில் கறை என்றால் ரத்தக்கொதிப்பு ஏறும். அதனால் பிரஸ்ஸில் ஓட்டி முடித்த பழைய அலுமினிய பிளேட்டுகள் ஆறேழு எடுத்துவந்து வண்டிக்கு அடியில் விரித்தேன். இந்த வேலைக்கு இதைவிட நல்ல விரிப்பு கிடையாது. துடைத்தால் போயிற்று. வேஸ்ட் காட்டனும் பிரஸ்ஸில் இருந்து ஒரு மூட்டை.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகள் டேப்பட் கவரின் நடுவே இருக்கும் குழிகளுக்குள் இறங்கியிருக்கும். அதனால் சுற்றிவரும் பெரிய பேக்கிங் ஒன்று, ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஓ ரிங் என்று நாலு. பெரிய பேக்கிங் போனால் ஆயில் வெளியே வழியும், கண்ணுக்குத் தெரியும். ஓ ரிங் போனால் ஆயில் பிளக் குழிக்குள் இறங்கும், தெரியாது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலின் ரப்பர் உறை ஆயிலில் ஊறிப் பொருமிப்போய், நெருப்புப் பொறி பிளக் நுனியில் அடிக்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும். என் வண்டி விக்கியது அதனால்தான். மூன்றாவது குழியில் எட்டிப் பார்த்தால் ஆயில் குளம் கட்டி நிற்கிறது. ஓ ரிங்கை மாற்றவே இல்லை. பில்லில் மட்டும் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. குழியில் ஆயில் நிற்கும்போது பிளக்கைக் கழற்றாதீர்கள், மொத்தமும் சிலிண்டருக்குள் இறங்கும். ஸ்குரூடிரைவர் நுனியில் வேஸ்ட் காட்டனைச் சுற்றி, நூல் கட்டி, விட்டு விட்டு எடுத்து ஒற்றினேன். காது குடைவது மாதிரி, ஆனால் அரை மணி நேரம்.

கவரின் போல்ட் எல்லாம் பத்து நம்பர் ஸ்பேனர். கழற்றும்போதே கை சொல்லிவிட்டது, யாரோ வீல் நட்டு இறுக்குவதுபோல முறுக்கியிருக்கிறார்கள். கவர் லேசில் வரவில்லை. சுற்றிலும் அனபாண்ட் என்ற சிலிக்கான் பசையைப் பேஸ்ட் மாதிரி அப்பியிருந்தார்கள். அனபாண்ட் நல்ல சரக்கு, பிரஸ்ஸில் நானே நாலு இடத்தில் போட்டிருக்கிறேன். ஆனால் ரப்பர் பேக்கிங் உட்கார்வதற்கென்று கவரில் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளம் முழுக்க சிலிக்கானை நிரப்பினால் பேக்கிங் எங்கே உட்காரும்? பிதுங்கியதில் பாதி வெளியே, பாதி உள்ளே. உள்ளே பிதுங்கினது ஒருநாள் பிய்ந்து ஆயிலோடு இறங்கி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியை அடைக்கும். அடைத்தால் ஆயில் மேலே ஏறாது, எஞ்சின் காலி. மீன் செதில் மாதிரி மூன்று துண்டு பிய்வதற்குத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

கவரைக் கெரசினில் கழுவினதும் உண்மை தெரிந்தது. மூலையில் ஒரு போல்ட் ஓட்டையைச் சுற்றித் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அலுமினியம். முறுக்கின முறுக்கில் விட்டிருக்கிறது. அதை மறைக்கத்தான் அத்தனை அனபாண்ட்.

ஆக, பேக்கிங் வேலை கவர் வேலை ஆகிவிட்டது. புதுக் கவர் விசாரித்தால் ஆர்டர் போட்டு வரவேண்டும் என்றார்கள், விலையும் இந்த வயசு வண்டிக்குத் தாங்காது. மறுநாள் பழைய கவரை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதுப்பேட்டை.

புதுப்பேட்டையைத் தெரியாதவர்களுக்கு: எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவே, உடைத்த வண்டிகளின் உறுப்புகள் தெருவெல்லாம் தொங்கும் ஊர். கதவு ஒரு கடை, கியர்பாக்ஸ் ஒரு கடை, ஸ்டீயரிங் ஒரு கடை. இரண்டு கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது ஒரு பாய் கடை.

"என்ன வண்டி?"

"ஸ்விஃப்ட் பாய், பழைய 1.3 பெட்ரோல். டேப்பட் கவர்."

"ஹெட்டோட தரேன், எடுத்துக்கோங்க."

"கவர் மட்டும் போதும் பாய்."

பையனை உள்ளே அனுப்பினார். முதலில் வந்ததைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தான். நான் சட்டைப் பையில் இருந்து ஸ்டீல் ஸ்கேலையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜையும் எடுத்தேன். ஸ்கேலை நிமிர்த்தி, பேக்கிங் உட்காரும் முகத்தின் மேல் குறுக்கே வைத்து, அடியில் 0.15 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்துப் பார்த்தால் தாராளமாகப் போயிற்று. வளைந்திருக்கிறது. வேண்டாம் என்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார் எங்க வேலை?"

"பிரஸ்ஸு பாய். திருவல்லிக்கேணி."

"அதான பார்த்தேன். மெக்கானிக்கு எவனும் ஸ்கேல் வெச்சிப் பார்க்கமாட்டான்."

இரண்டாவது கவர் வெளியே கறுத்து அழுக்காக இருந்தது. ஆனால் 0.05 தகடுகூட எந்த இடத்திலும் நுழையவில்லை. என் பழைய கவரோடு முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தோம், ஓட்டைக்கு ஓட்டை சரியாக இருந்தது. 1,500 சொன்னார், 900-க்கு முடிந்தது. டீயும் வாங்கிக் கொடுத்தார். "விரிசல் இருந்தா கொண்டாங்க, மாத்தித் தரேன்" என்று ரசீதின் பின்னால் பேனாவில் எழுதியே கொடுத்தார். இதைத்தான் சர்வீஸ் என்கிறேன். அஞ்சுக்கு அஞ்சு.

அங்கிருந்து ஜிபி ரோடு, பிரஸ்ஸுக்குப் போகிற வழிதான். ஒரு கடையில் கம்பெனி பேக்கிங் இன்று ஸ்டாக் இல்லை, இது "கம்பெனிக்கு சப்ளை ஆகிற அதே மெட்டீரியல்" என்று அந்த 140 ரூபாய் செட்டைக் கொடுத்தார்கள். இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். மை வாங்கும்போதும் இதே வசனம்தான். இருந்தும் வாங்கினேன். அவசரம்.

இனி டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்கும் ஸ்பேனர். கவர் போல்ட்டுக்கு சுசுகி சொல்லும் அளவு 11 நியூட்டன் மீட்டர். வீல் நட்டுக்கு வேண்டியதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அது கையில் எப்படி இருக்கும் என்றால், போல்ட்டில் இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பிடியில் ஐந்தரைக் கிலோ சொச்சம் தொங்கவிட்ட மாதிரி. அவ்வளவுதான். ராட்செட்டைப் பிடித்து ஆள் பலத்தில் இழுத்தால் இதைவிட மூன்று மடங்கு சர்வ சாதாரணமாகப் போய்விடும்.

ஆன்லைனில் கால் இன்ச் டிரைவ், 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை உள்ள, வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்னும் கிளிக் டைப் ஒன்று 2,150 ரூபாய்க்கு வாங்கினேன். நம்பலாமா என்று சோதித்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு போல்ட்டை வைஸில் பிடித்து, ரெஞ்ச்சை 11-ல் வைத்து, கைப்பிடியில் சரியாக 20 சென்டிமீட்டரில் தராசுக் கொக்கியை மாட்டி, நேர்க்குத்தாக மெல்ல இழுத்தேன். 5.4 கிலோவில் 'டிக்'. அடுத்தது 5.7. அப்புறம் 5.5. கணக்குப்படி 5.6 வரவேண்டும். வீட்டு வேலைக்கு இது போதும். குறை ஒன்று உண்டு: கைப்பிடியில் பொறித்த எண்களில் வெள்ளைப் பெயிண்ட் பாதிதான் ஏறியிருக்கிறது, பார்க்கிங் வெளிச்சத்தில் 10-ஆ 16-ஆ என்று தெரியவில்லை. கரெக்‌ஷன் ஃப்ளூயிட் தடவித் துடைத்துவிட்டேன், இப்போது படிக்கிறது. நாலு மதிப்பெண். வேலை முடிந்ததும் மறக்காமல் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

அடுத்த ஞாயிறு மாட்டினேன். மாட்டும் முன் கவரின் உட்பக்கத்தில் இருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் கெரசின் விட்டு குலுக்கி ஊற்றினேன். நாலு தடவை காபி டிக்காஷன் மாதிரி வந்தது, ஆறாவது தடவைதான் தெளிந்தது. வெயிலில் முழுக்கக் காயவிட்டேன். எஞ்சின் பக்க முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்தேன், இரும்பு பிளேடு வைத்தால் அலுமினியத்தில் கோடு விழும். அந்த நேரத்தில் பிளக் ஓட்டைகளிலும் ஆயில் இறங்கும் வழிகளிலும் துணி அடைத்திருந்தேன். துணி எத்தனை என்று எண்ணி, விரலில் பேனாவால் எழுதிக்கொண்டேன். ஏழு. எடுக்கும்போது ஆறுதான் இருந்தது. கால் மணி நேரம் வியர்த்துக் கொட்டியது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "தோள்ல கிடக்கிறது என்னங்க?" என்றாள்.

போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, நடுவில் இருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, முதலில் 5-ல் ஒரு சுற்று, பிறகு 8, கடைசியில் 11. 'டிக்' சத்தம் கேட்டதும் கை இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சும். கொடுக்கக் கூடாது. ஆஃப்செட்டில் பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்புக்கு அடியில் வைக்கும் தாளுக்கும் பேக்கிங் என்றுதான் பேர். புது ஹெல்ப்பர் யாராக இருந்தாலும் பிரிண்ட் மங்கலாக வந்தால் உடனே இன்னொரு தாளைச் சொருகுவான். 0.1 மில்லிமீட்டர் கூடினால் புள்ளி பெருத்துக் கல்யாணப் பொண்ணு முகம் கறுத்துப்போகும். ரப்பர் அழுத்தத்தால் வேலை செய்வதில்லை, அழுத்தினால் திரும்பி எழும்புகிறதே, அந்தக் குணத்தால் வேலை செய்கிறது. நசுக்கிவிட்டால் எழும்பாது.

ஸ்டார்ட் செய்தேன். விக்கல் போயிற்று. ஒரு மாசம் காய்ந்த கவர். செக்ரட்டரி மாமாவே எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். இரண்டாவது மாசக் கடைசியில், ஓடினது 1,400 கிலோமீட்டர் இருக்கும், பின் மூலையில் மறுபடியும் ஈரம்.

கோபத்தில் முதலில் பேக்கிங்கைத்தான் திட்டினேன். கழற்றிப் பார்த்தால் திட்டியதில் நியாயம் இருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை, இரண்டே மாசத்தில் செருப்புத் தோல் மாதிரி இறுகிவிட்டது. பள்ளத்தில் திரும்ப வைத்தால் சுற்றளவில் நாலு மில்லிமீட்டர் குறைகிறது. ஓ ரிங்குகளில் ஒன்றை பிரஸ்ஸில் பிளேட் பார்க்கும் லென்ஸில் வைத்துப் பார்த்தேன். ரப்பரை வார்த்த அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் பிசிறு ஒரு வரப்பு மாதிரி, சரியாக சீல் ஆக வேண்டிய முகத்தின் மேலேயே ஓடுகிறது.

ஆனால் பழி முழுக்க அதற்கு இல்லை. என் பங்கும் உண்டு. எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை இன்டேக் பக்கம் இழுத்துவிட பிசிவி வால்வு என்று ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. நல்ல வால்வைக் காதருகே வைத்துக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரும். என்னுடையதைக் கழற்றிக் குலுக்கினேன், ஊமை. உள்ளே மொத்தமும் கறுப்புக் களிம்பு. அது அடைத்தால் உள்ளே சேரும் காற்று போக வழியில்லாமல், எந்தப் பேக்கிங் இளைத்திருக்கிறதோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். முதல் தடவையே இதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒர்க்‌ஷாப்பும் பார்க்கவில்லை, அவர்களைத் திட்டிய நானும் பார்க்கவில்லை. எந்தக் கம்பெனி பேக்கிங் போட்டாலும் முதலில் அந்த வால்வைக் குலுக்கிப் பாருங்கள்.

வால்வு புதிது போட்டேன். இந்த முறை பேக்கிங் எம்ஜிபி, அதாவது மாருதியின் சொந்தப் பாகம். ஓ ரிங் நாலும் சேர்த்து 560 ரூபாய். கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிகிறது, இரண்டு விரலில் கிள்ளினால் உடனே பழைய வடிவத்துக்கு வருகிறது. கடைக்காரர் நாலாய் மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்ததால், ஒரு ராத்திரி தட்டையாகப் பரப்பி வைத்தேன். பள்ளத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது, கவரைத் திருப்பினாலும் விழவில்லை. அஞ்சுக்கு அஞ்சு. 420 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ஞாயிறும் ஒரு தடவை தலைவலியும் போனது எனக்கு.

இரண்டாம் தடவை மொத்த வேலையும் மூன்று மணி நேரம். முதல் தடவை இரண்டு ஞாயிறு. நடுவில் வாரம் முழுக்க பிரஸ்ஸுக்கு எம்டிசி பஸ்.

இப்போது ஏழு மாசம், 6,200 கிலோமீட்டர். வண்டி நிற்கும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிளேட்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், சொட்டு விழுந்தால் தெரியட்டும் என்று. யாருடைய வீட்டுக் காதணி விழாப் பத்திரிகையோ, ஆஃப்செட் பிளேட் என்பதால் எழுத்து நேராகவே இருக்கும், படிக்கலாம். போன வாரம் செக்ரட்டரி மாமா கீழே இருந்து போன் செய்தார். "சார், உங்க வண்டிக்கு அடியில மறுபடியும் சொட்டிருக்கு." மூன்று மாடி ஓடி இறங்கினேன். தாய்மாமன் பேர் மேல் பெரிதாக ஒரு சொட்டு. விரலால் தொட்டு முகர்ந்தேன். ஏசி தண்ணீர்.